இரண்டு சென்ட் நிலமும் ஒப்புக்கொடுத்தலும்

குளச்சல் பக்கத்து இளைஞர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி, சுருக்கமாக: "வயது 29. சின்ன வயதிலிருந்தே பூசை, செபமாலை, அக்கம்பக்கத்து வீட்டார் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டம் எல்லாம் உண்டு. நண்பர்களோடு செபக் கன்வென்ஷனுக்குப் போனால் அழுகை வருகிறது. வீட்டுக்கு வந்த இரண்டாவது நாளே எல்லாம் வற்றிப்போகிறது. போட்டித் தேர்வு மூன்று தடவை எழுதியும் கிடைக்கவில்லை. 'நீ உன்னை முழுசாக ஒப்புக்கொடுக்கவில்லை, அதனால்தான் தேவ பிரசன்னத்தை உணர முடியவில்லை' என்கிறார்கள். ஒப்புக்கொடுப்பது என்றால் உண்மையில் என்ன செய்ய வேண்டும்? படிப்பதை விட்டுவிட்டு அவர் பார்த்துக்கொள்வார் என்று இருக்க வேண்டுமா?"

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். படிப்பதை விடாதீர்கள். மற்றது கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டிய விஷயம்.

நான் குருவானவரும் இல்லை, பாஸ்டரும் இல்லை. பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன். முப்பது வருடம் எங்கள் பங்கில் ஞாயிறு மறைக்கல்வி எடுத்தேன். நான் கத்தோலிக்கன், என் வீட்டம்மா சிஎஸ்ஐ என்ற புராட்டஸ்டண்ட் சபைக் குடும்பத்துப் பெண். அதனால் எங்கள் வீட்டில் ஒரே விஷயத்துக்கு எப்போதும் இரண்டு சொல் உண்டு. நான் திருமுன்னிலை என்றால் அவள் பிரசன்னம் என்பாள். அவளுடைய பழைய வேதாகமத்தில் அதற்குச் சமுகம் என்று இன்னொரு சொல்லும் இருக்கிறது: "உம்முடைய சமுகத்தை விட்டு எங்கே ஓடுவேன்" என்று 139-ஆம் சங்கீதம் கேட்கிறது. இந்த வரியை நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். அந்தச் சங்கீதக்காரனுக்கு இருக்கும் சிக்கல் உங்களுடையதற்கு நேர் எதிர். கடவுளின் முன்னிலை கிடைக்கவில்லை என்று அவன் புலம்பவில்லை. எங்கே போனாலும் அதிலிருந்து தப்ப முடியவில்லை என்கிறான். வானத்தில் ஏறினாலும் பாதாளத்தில் படுத்தாலும் கடலின் கடைக்கோடிக்குப் போனாலும் அவர் இருக்கிறார்.

அப்படியானால் 'ஒப்புக்கொடுத்தால் பிரசன்னம் வரும்' என்ற கணக்கிலேயே ஒரு பிழை இருக்கிறது. முழுப் பணம் கட்டினால்தான் கரண்டு கனெக்‌ஷன் என்பதுபோல் அதைச் சொல்லிவிடுகிறார்கள். அவர் வராமல் இருந்ததில்லை. நாம்தான் வேறெங்கோ இருக்கிறோம். எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அந்த இடத்துக்குப் பெரும்பாலும் ஒரு பெயர் இருக்கும்.

நம் தமிழ்ச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்புக்கொடுத்தல் என்ற சொல்லுக்கு அடுத்த வீட்டில் ஒப்புக்கொள்ளுதல் என்ற சொல் குடியிருக்கிறது. 'ஆமாம், இது என் கையில்தான் இருக்கிறது' என்று ஒப்புக்கொண்டவனால்தான் அதை ஒப்புக்கொடுக்க முடியும். பெரும்பாலான கூட்டங்களில் நாம் முதல் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம். 'ஆண்டவரே, என்னை முழுவதுமாகத் தருகிறேன்' என்று கையைத் தூக்கிப் பாடும்போது உண்மையில் எதைக் கொடுத்தோம் என்று கேட்டால் பதில் இருக்காது. முழுவதும் கொடுத்தேன் என்பது சில சமயம் எதையும் கொடுக்காமல் இருப்பதற்கு வசதியான வழி. அந்த அழுகையை நான் கேலி செய்யவில்லை. அது பொய்யும் இல்லை. ஆனால் மழை பெய்வது வேறு, கிணற்றில் ஊற்று இருப்பது வேறு.

நீங்கள் குளச்சல்காரர். கடற்கரையில் நிற்கும் அந்த வெற்றித்தூணைப் பார்க்காமல் வளர்ந்திருக்க மாட்டீர்கள். 1741-இல் டச்சுப் படை திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவிடம் தோற்ற இடம். அன்று பிடிபட்டவர்களில் டிலனாய் என்ற தளபதியும் ஒருவர். அவர் சரணடைந்தார்; பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்து, படைத்தலைவராகவே ஆகி, 1777-இல் இறந்து, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அடங்கியிருக்கிறார். துப்பாக்கியைக் கீழே வைப்பதும் ஒரு சரணடைதல்தான். வேறு வழி இல்லாததால் வைப்பது. பக்தியில் நாம் பேசும் சரணாகதியையும் பலர் இப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள்: எல்லாக் கதவும் அடைத்துவிட்டது, இனி கடவுள் பார்த்துக்கொள்ளட்டும். தோல்வியில் தொடங்குவது தப்பில்லை. நிறையப் பேருக்கு அப்படித்தான் தொடங்குகிறது. அங்கேயே நின்றுவிட்டால் அது கையளிப்பு ஆகாது, களைப்பு அவ்வளவுதான்.

அந்தச் சரணடைந்த டிலனாயிடம்தான் நட்டாலத்து நீலகண்டன் தன் கஷ்டத்தைச் சொன்னார். அரண்மனை அலுவலில் இருந்தவர், மதிப்புள்ள குடும்பம். வரிசையாக இழப்புகள் வந்து மனம் உடைந்திருந்த நேரம். டிலனாய் அவருக்குச் சொன்னது யோபுவின் கதை. எனக்கு இது எப்போதும் வியப்புதான். ஆறுதல் சொல்ல வந்தவர், 'வேண்டிக்கொள், எல்லாம் சரியாகும்' என்று சொல்லவில்லை. எல்லாம் போன ஒருவன் சாம்பலில் உட்கார்ந்து கடவுளிடம் நேருக்கு நேர் வாதாடிய கதையைச் சொன்னார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரின் பொருளைத் தமிழில் வைத்து, தேவசகாயம் என்று பெயர். அவர் மனைவி பார்கவி அம்மாளும் பிறகு ஞானப்பூ அம்மாள் ஆனார்.

இதுவரை கதை எல்லாருக்கும் தெரியும். நீங்கள் கவனிக்க வேண்டியது அடுத்த ஏழு வருடம். 1749-இல் கைது. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடி, காயத்தில் மிளகு. பெருவிளையில் மாதக்கணக்கில் மரத்தில் கட்டிவைத்திருந்தார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். உடல் இன்று கோட்டாறு சவேரியார் பேராலயத்தில். கைதானதிலிருந்து மரணம் வரை ஏறக்குறைய மூன்று வருடம். அந்த மூன்று வருடத்தில் ஒவ்வொரு நாளும் அவருக்கு ஒரு வாசல் திறந்தே இருந்தது. பழைய மதத்துக்குத் திரும்புகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்குப் போகலாம். ஞானஸ்நானத் தண்ணீரில் ஒரு நாள் கொடுத்ததை அவர் ஆயிரம் நாள் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டியிருந்தது. காற்றாடிமலையில் சுட்டவர்கள் எடுத்துக்கொண்டது கடைசித் தவணையை மட்டும்தான்.

அவர் கொடுத்தது 'எல்லாம்' என்ற பொத்தாம்பொதுச் சொல்லும் இல்லை. அந்தக் காலத் திருவிதாங்கூரில் ஒரு மேல்சாதிக்காரர், தீண்டாமையைத் தூக்கிப்போட்டு எல்லாரோடும் சமமாக உட்கார்ந்ததும் அவர்மேல் வந்த கோபத்துக்கு ஒரு காரணம். சாதி மதிப்பு என்கிற, பெயர் சொல்லக்கூடிய, கையில் பிடித்திருந்த ஒன்றை விட்டார். புனிதர் பட்டத்துக்கான வேலைகள் நடந்தபோது அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை வத்திக்கான் நீக்கியது உங்களுக்கு நினைவிருக்கலாம். அதைக் குறித்து நம் ஊர் டீக்கடைகளில் நடந்த விவாதங்களைக் கேட்டபோது, அவர் விட்டதை நாம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோமே என்று தோன்றியது. சரி, அது வேறு பேச்சு.

இப்போது என் கதை. பெரிய கதை இல்லை, இரண்டு சென்ட் கதை.

அப்பா இறந்தபின் பாகம் வைத்தோம். அண்ணன் வேலி கட்டியபோது என் பங்கில் இரண்டு சென்ட் உள்ளே போய்விட்டது. அதில் இரண்டு தென்னை, பலா இனத்து அயனி மரம் ஒன்று. முதலில் பேசினோம், அப்புறம் சத்தம் போட்டோம், அப்புறம் கோர்ட்டுக்குப் போனோம். ஏழு வருடம். சர்வேயர் வருவார், சங்கிலி பிடிப்பார், அதிர்க்கல்லைத் தேடுவார், போவார். இந்த ஏழு வருடமும் நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பிள்ளைகளுக்கு, 'உங்களைக் கடவுளின் கையில் ஒப்புக்கொடுங்கள்' என்று பாடம் நடத்தினேன். பூசையில் நற்செய்தி வாசகத்துக்கு எழுந்து நிற்பேன். மனம் வேலியோரம் நின்று அண்ணனைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருக்கும். காணிக்கை நேரத்தில் வக்கீலுக்குச் சொல்ல வேண்டிய ஒரு பாயிண்ட் நினைவுக்கு வரும். கடவுளின் முன்னிலை எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று யாராவது அப்போது கேட்டிருந்தால், சர்வே எண்ணோடு பதில் சொல்லியிருக்கலாம்.

ஒரு தவக்கால வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையை நான்தான் வாசித்து நடத்தினேன். பத்தாம் நிலை. இயேசுவின் ஆடைகளைக் களைகிறார்கள். வாய் வாசித்துக்கொண்டிருக்கிறது, உள்ளே அந்த அயனி மரத்தை வெட்டி விற்றால் என்ன விலை போகும் என்று கணக்கு ஓடுகிறது. சட்டென்று எனக்கே வெட்கமாகிவிட்டது. அன்று இரவு திண்ணையில் உட்கார்ந்து, 'ஆண்டவரே, அந்த இரண்டு சென்ட் என் கையில் இல்லை, நான்தான் அதன் கையில் இருக்கிறேன். எடுத்துக்கொள்ளும்' என்று சொன்னேன். அப்போது என்ன உணர்ந்தேன் என்று கேட்கிறீர்களா? கொசு கடித்தது. பக்கத்து வீட்டில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் அண்ணன் அந்தத் தென்னையில் ஆளை ஏற்றித் தேங்காய் வெட்டுவதைப் பார்த்தேன். கொடுத்த இரண்டு சென்டை ஒரே நொடியில் திருப்பி எடுத்துக்கொண்டேன். அன்று இரவு மறுபடியும் திண்ணை. அந்தத் தவக்காலம் முடிவதற்குள் அந்த நிலத்தை இருபது தடவையாவது கொடுத்து வாங்கியிருப்பேன். பத்திர ஆபீஸில்கூட ஒரு சொத்து அவ்வளவு கைமாறாது.

பாஸ்கா என்ற ஈஸ்டர் முடிந்து சில வாரம் கழித்து ஒரு ஞாயிறு. பூசை முடிந்து வந்ததும் வீட்டம்மா வழக்கம்போல், 'இன்னைக்கு என்ன பிரசங்கம்?' என்று கேட்டாள். நான் முதல் வாசகத்திலிருந்து கடைசி மன்றாட்டு வரை சொன்னேன். சொல்லி முடித்தபோதுதான் தெரிந்தது, ஒன்றரை மணி நேரம் முழுக்க நான் கோவிலிலேயே இருந்திருக்கிறேன். நீங்கள் கேட்கும் பிரசன்னத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கடவுள் வந்துசேரவில்லை, நான் வந்துசேர்ந்தேன்.

வழக்கை வாபஸ் வாங்கினேன். 'இதை முதல் வருசமே செஞ்சிருந்தா வக்கீல் பீஸாவது மிஞ்சியிருக்கும்' என்றாள் வீட்டம்மா. இதை உங்களுக்கு ஒரு முன்மாதிரியாகச் சொல்லவில்லை. எனக்கு மாதச் சம்பளம் இருந்தது, அந்த நிலம் இல்லாமல் சோறு குறையாது, அதனால் விட முடிந்தது. அந்த இரண்டு சென்டில்தான் ஒருவனுடைய குடிசை நிற்கிறது என்றால், அவனிடம் போய் 'ஒப்புக்கொடு' என்று சொல்வது பாவம். அவன் வழக்கை நடத்தட்டும். நடத்திக்கொண்டே பகையை மட்டும் ஒப்புக்கொடுக்க முடியுமா என்று பார்க்கட்டும். அது நான் செய்ததைவிடக் கடினம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒப்புக்கொடுத்தல் என்ற சொல்லை வைத்து நம் ஊரில் நடக்கும் அநியாயம் கொஞ்சநஞ்சம் இல்லை. அடிக்கிற புருஷனைச் சகித்துக்கொள், அதுவே உன் அர்ப்பணம் என்று ஒரு பெண்ணிடம் சொல்வார்கள். விசுவாசம் இருந்தால் சர்க்கரை மாத்திரையை நிறுத்து என்று சொன்ன ஊழியரை நம்பி ஆஸ்பத்திரியில் போய் விழுந்த என் உறவினர் ஒருவர் உண்டு. சம்பளத்தை இங்கே கொடு, சந்தேகத்தை வெளியே வைத்துவிட்டு வா என்பவர்களும் இருக்கிறார்கள். கடவுளிடம் கையளிப்பது ஒன்று, கடவுளுக்காகப் பேசுகிறேன் என்று சொல்லும் மனிதனிடம் கையளிப்பது முற்றிலும் வேறொன்று. 'நீ முழுசாகக் கொடுக்கவில்லை' என்று உங்களிடம் சொன்னவர்கள் கெட்டவர்களாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் இந்த வாக்கியத்தை யாரும் யாரிடமும் சொல்லக்கூடாது என்பது என் கட்சி. இன்னொருவர் கை மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று வெளியே நின்று பார்த்துச் சொல்ல எவருக்கும் கண் கிடையாது.

ஒப்புக்கொடுத்தல் என்றால் சும்மா இருத்தலும் இல்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்ததை உங்கள் வயதில் நீங்களே பார்த்திருப்பீர்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர் வீடுகளில் செபமாலை ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதே மக்கள்தான், கடலில் இருப்பவர்களைத் தேடச் சொல்லி, குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும். கடலில் இறங்கும்போது நெற்றியில் சிலுவை போடுகிறவர் இஞ்சின் டீசலையும் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறார். கெத்சமனேயில் இயேசுவும் முதலில் கேட்டார், இந்தக் கிண்ணம் என்னைவிட்டு அகலட்டும் என்று. ஒளிவுமறைவு இல்லாமல் கேட்டுவிட்டுத்தான், 'என் விருப்பப்படி அல்ல' என்றார். அதையும் ஒரே தடவையில் முடிக்கவில்லை. மூன்று தடவை எழுந்து போய் அதே செபத்தைச் சொன்னார் என்று மத்தேயு எழுதியிருக்கிறார். அவருக்கே மூன்று தடவை என்றால் எனக்கு இருபது ஆனது பெரிதில்லை.

சரி, உங்கள் தேர்வுக்கு வருகிறேன். பேதுரு இரவு முழுக்க வலைவீசி ஒன்றும் கிடைக்காமல் கரைக்கு வந்து வலையை அலசிக்கொண்டிருந்தார். இயேசு சொன்னதும் மறுபடியும் போட்டார். போட்டது அவர் கைதான், அவர் வலைதான், அவர் படகுதான். மூன்று தடவை எழுதிக் கிடைக்காத உங்கள் தேர்வில் நீங்கள் ஒப்புக்கொடுக்க வேண்டியது படிப்பை அல்ல. வேறெது என்று எனக்குத் தெரியாது, ஊகிக்க மட்டும் முடியும். ரிசல்ட் வரும் நாளில் மாமா போன் பண்ணுவாரே என்ற பயமா? கூடப் படித்தவன் பாஸாகி, கல்யாணப் பத்திரிகையோடு வந்து நின்ற அன்று உள்ளே எழுந்த ஒன்றா? வேலை கிடைத்தால்தான் நான் ஆள் என்று எப்போதோ யாரோ சொல்லிக்கொடுத்த கணக்கா? உங்களுக்குத்தான் தெரியும். பெயர் சொல்ல வெட்கமாக இருக்கும் ஒன்றாக இருந்தால், பெரும்பாலும் அதுவேதான்.

37-ஆம் சங்கீதத்தில், உன் வழியைக் கர்த்தருக்கு ஒப்புவி என்று ஒரு வரி இருக்கிறது. ஒப்புவி என்று நாம் வாசிக்கும் இடத்தில் எபிரேய மூலத்தில் இருப்பது 'உருட்டிவிடு' என்ற வினை. பாறையை உருட்டுவதுபோல. நம் ஊரில் வீடு கட்ட வானம் தோண்டும்போது பெரிய கல் வந்தால் யாரும் தூக்கப் போவதில்லை. கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பி உருட்டுவார்கள். கொஞ்சம் நகரும், திரும்பி வந்து உட்காரும், மறுபடியும் நெம்புவார்கள். தூக்க முடிகிற பாரத்தை ஒப்புக்கொடுக்கத் தேவையே இல்லை. தூக்க முடியாததைத்தான் உருட்ட வேண்டும்.

எப்படித் தொடங்குவது என்று கேட்டால், நான் இரவில்தான் தொடங்கச் சொல்வேன். சிலுவையில் இயேசு கடைசியாகச் சொன்னது, 'தந்தையே, உம் கையில் என் உயிரை ஒப்படைக்கிறேன்' என்பது. அது 31-ஆம் சங்கீதத்தின் வரி. யூதர்கள் படுக்கப்போகும்முன் சொல்லும் செபத்தில் அந்த வரி உண்டு. திருச்சபையின் இரவுச் செபத்திலும் உண்டு. மரணத்துக்கு மட்டும் உரிய பெரிய வரி என்று நினைத்துவிடாதீர்கள், தூங்கப் போகிறவன் சொல்கிற வரி. தூக்கமே ஒரு சின்ன ஒப்புக்கொடுத்தல்தானே. ஆறு ஏழு மணி நேரம் உலகத்தை நாம் நடத்துவதில்லை, அது பாட்டுக்கு நடக்கிறது. போனை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். ஐந்து நிமிடம் போதும். அன்று உங்களை எது இழுத்துக்கொண்டு போனதோ அந்த ஒன்றை மட்டும் பெயர் சொல்லுங்கள். உள்ளங்கையைத் திறந்து மடியில் வையுங்கள். உடம்புக்குத் தெரிந்தால் மனசுக்கும் கொஞ்சம் தெரியும். அந்த வரியைச் சொல்லிவிட்டுப் போய்ப் படுங்கள். ஏதாவது உணர்ந்தேனா என்று சோதிக்க வேண்டாம். விதை போட்டவன் தினமும் தோண்டிப் பார்த்தால் முளைக்காது. என் அம்மா வழிப் பாட்டி சொல்வாள்: "மக்களே, கையில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே குடுக்க முடியாது கேட்டியா." கருப்பட்டி வாங்க வந்த பிள்ளைகளிடம் காசைப் பற்றிச் சொன்னது அது. நான்தான் வேறு இடத்துக்கு எடுத்துக்கொண்டேன்.

பகலில் என்ன செய்வது என்பதற்கு எனக்குப் பிடித்த ஆசான் ஒரு சமையல்காரர். பாரிஸில் கார்மேல் சபைத் துறவிகளின் ஒரு மடத்தில் 1640-இல் சேர்ந்த லாரன்ஸ் என்ற சகோதரர். பழைய சிப்பாய், அதிகம் படிக்காதவர். அவருக்குக் கொடுத்தது மடத்துச் சமையலறை. அது அவருக்கு இயல்பாகப் பிடித்த வேலையும் இல்லை. பிற்காலத்தில் செருப்புத் தைத்தார். பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும் நற்கருணை முன் முழந்தாளிட்டிருப்பதுபோலவே இருக்க முடிகிறது என்று அவர் சொன்னதுதான் எல்லாரும் நினைவில் வைத்திருப்பது. ஆனால் முதல் பத்து வருடம் மிகவும் வேதனைப்பட்டேன் என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருப்பதை யாரும் சொல்வதில்லை. பத்து வருடம், தம்பி. இரண்டு நாளில் வற்றிவிடுகிறதே என்று நீங்கள் கவலைப்படுகிறீர்கள்.

அன்னை தெரசா கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவருடைய கடிதங்கள் 2007-இல் புத்தகமாக வந்தபோது உலகமே திகைத்தது. பல பத்தாண்டுகள் கடவுளின் முன்னிலையை அவர் உணரவே இல்லை. உள்ளே வெறும் இருட்டு. ஆனாலும் காலையில் எழுந்து தெருவுக்குப் போனார். உணர்வு இல்லாததால் அவர் ஒப்புக்கொடுக்கவில்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

எங்கள் பங்கில் 2022 மே 15 அன்று பெரிய திரை கட்டி உரோமையிலிருந்து நேரலை காட்டினார்கள். தேவசகாயத்தைப் புனிதர் என்று அறிவித்த நாள். அன்று பத்துப் பேருக்குப் புனிதர் பட்டம். நம் ஊர்க்காரர் பெயர் வந்ததும் கைதட்டி முடித்த கூட்டம் மற்ற ஒன்பது பேரைச் சரியாகக் கவனிக்கவில்லை. அதில் சார்லஸ் தெ ஃபூக்கோ என்ற பிரெஞ்சுக்காரரும் இருந்தார். ராணுவ அதிகாரியாக இருந்து, எல்லாவற்றையும் விட்டு, சகாரா பாலைவனத்தில் துவாரெக் மக்களோடு வாழ்ந்து, 1916 டிசம்பர் 1 அன்று சுடப்பட்டு இறந்தவர். இருவருமே துப்பாக்கியால் போனவர்கள். ஃபூக்கோ பேரில் 'ஒப்படைப்புச் செபம்' என்று ஒன்று இருக்கிறது. உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். தந்தையே, உமக்கு விருப்பமானதை என்னிடம் செய்யும், என்ன செய்தாலும் நன்றி சொல்வேன் என்ற பொருளில் போகும். எனக்குப் பிடித்த செபம், ஆனால் இன்னும் என்னால் நேர்மையாகச் சொல்ல முடியாத செபம். அவர்கூட அதைத் தன் செபமாக எழுதவில்லை. 1896-இல், சிலுவையில் தொங்கும் இயேசு தந்தையிடம் இப்படிச் சொல்லியிருப்பார் என்று தியானித்து எழுதியதிலிருந்து வந்தது அது. அவ்வளவு உயரத்தில் இருக்கும் வார்த்தையை உங்களைப்போல் 29 வயதில், கூட்டத்தோடு கூட்டமாகச் சொல்லிவிட்டு, இரண்டு நாளில் வற்றுகிறதே என்று வருந்த வேண்டாம். முதல் வரியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றது அதன் நேரத்தில் வரும்.

என் வீட்டம்மாவுக்கு நம் நெய்யூரில் வேலை செய்த ஆங்கிலேயர் சாமர்வெல் டாக்டர் கதைதான் உயர்வு. அதை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று அவள் சண்டைக்கு வருவாள், அதனால் சொல்லிவிடுகிறேன். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போன அறுவை மருத்துவர். முதல் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கும்போது நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தார். லண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு இங்கே வந்து தங்கிவிட்டார். அவள் வாதம் இது: 'அவர் ஒண்ணும் திண்ணையில உக்காந்து கையைத் திறக்கலை. நோயாளி முன்னால நின்னாங்க, கத்தியை எடுத்தார்.' அவள் சொல்வதும் சரிதான். சிலருக்கு ஒப்புக்கொடுத்தல் செபத்தில் தொடங்கி வேலையில் முடிகிறது, சிலருக்கு வேலையில் தொடங்கியே செபத்துக்கு வருகிறது. உங்களுக்கு உட்கார்ந்து செபிப்பது ஒத்துவரவில்லை என்றால், வாரம் ஒரு நாள் ஊரில் படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பெரியவருக்கு முகம் மழித்துவிடப் போங்கள். அங்கே தேர்வு பற்றி நினைக்கவே முடியாது, ரேசர் கையில் இருக்கும்.

ஒரு நாள் வசதிப்பட்டால் காற்றாடிமலைக்குத் தனியாகப் போய்வாருங்கள். திருநாள் கூட்டத்தில் வேண்டாம், சாதாரண வேலைநாளில். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று எப்படி அடிக்கும் என்று தெரியும்தானே. அங்கே பாறைமேல் உட்கார்ந்தால் எதுவும் செபிக்கத் தோன்றாது, சட்டையைப் பிடித்துக்கொள்ளவே நேரம் சரியாக இருக்கும். எனக்கு அந்த இடம் பிடிக்கும். காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

அயனி மரம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அது இன்னும் அண்ணன் வேலிக்குள்தான் நிற்கிறது. பழக்காலத்தில் பேரப்பிள்ளைகளிடம் ஒரு கூடை கொடுத்தனுப்புவார். சில வருடம் மறந்துவிடுவார். போன வருடம் வரவில்லை. வரவில்லை என்பதை நான் கவனித்தேன், எத்தனை பழம் விழுந்திருக்கும் என்றுகூட மனம் எண்ணியது. அன்று இரவு மறுபடியும் போய்த் திண்ணையில் உட்கார்ந்தேன்.